பெயரை நம்பிப் பிறக்கும் கம்ப்யூட்டர்கள்

பத்து வரி எழுதினால் நூறு சர்வர்கள் எழுந்து நிற்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் சரக்கு யாருடையது என்று கேட்க இன்னும் ஒரு வரி வேண்டும். அந்த வரியைத்தான் பலர் எழுதுவதில்லை.

'செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்' என்று பலகை தொங்கிய காலம் ஒன்று இருந்தது. வங்கியோ, பல்கலைக்கழகமோ, அரசு அலுவலகமோ, கம்ப்யூட்டர் அறை என்றால் கண்ணாடிக் கதவு, ஏ.சி. குளிர், வாசலில் செருப்புக் குவியல். புதிதாக ஒரு சர்வர் வேண்டுமென்றால் மூன்று கொட்டேஷன், பர்ச்சேஸ் கமிட்டி, கையெழுத்துகள், பிறகு ஒருநாள் லாரியில் வந்து இறங்கும் அட்டைப் பெட்டி. அதைப் பிரித்து, சி.டி.யைச் செருகி, ராத்திரி கண்விழித்து ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றுவார் என்ஜினியர். எல்லாம் மூன்று மாதத்தில் முடிந்தால் அது சாதனை.

இன்று அதே என்ஜினியர் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் பத்துப் பன்னிரண்டு வரிகள் எழுதுகிறார். 'டெர்ராஃபார்ம் அப்ளை' என்று தட்டுகிறார். கையிலிருக்கும் காபி ஆறுவதற்குள் மும்பையிலோ ஹைதராபாத்திலோ அமேசானின் கட்டடம் ஒன்றுக்குள் புது சர்வர் கண் விழித்துவிடுகிறது. மைக்ரோசாஃப்ட்டின் வாடிக்கையாளர் என்றால் சென்னையிலேயே விழிக்கலாம்; 2015லிருந்து அங்கும் ஒரு மையம் இருக்கிறது. பெட்டி கிடையாது, லாரி கிடையாது. வேலை முடிந்ததும் இன்னொரு கட்டளை. சர்வர் இருந்த சுவடே இருக்காது.

பிறப்பது நிஜ இயந்திரம் அல்ல, மெய்நிகர் இயந்திரம். விர்ச்சுவல் மெஷின். ஒரு பெரிய கம்ப்யூட்டரைப் பல சிறிய கம்ப்யூட்டர்கள் போல நடிக்கவைக்கும் வித்தை. இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஐ.பி.எம். 1960களிலேயே இதைத் தன் ராட்சத இயந்திரங்களில் செய்து பார்த்து, 1972ல் விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. பிறகு வந்தவர்கள் அதை மலிவாக்கினார்கள். 2006ல் அமேசான் மணிக்கணக்கில் வாடகைக்கு விட ஆரம்பித்தது. 2007ல் கே.வி.எம். என்ற பகுதி லினக்ஸின் மூலக்கருவிலேயே சேர்ந்தபோது, மேஜைக்கடியில் கிடக்கும் சாதாரண பி.சி.கூட நாலைந்து சர்வர்களாகப் பிரிய முடிந்தது.

பிறக்கும் வேகத்துக்குக் காரணம் வேறு. முன்பு போல ஆபரேட்டிங் சிஸ்டத்தை யாரும் 'ஏற்றுவதே' இல்லை. ஏற்கெனவே ஏற்றி முடித்த ஒரு ஹார்டு டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து ஒரு ஃபைலாக வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் கிளவுட் இமேஜ். உபுண்டுவும் டெபியனும் ரெட் ஹாட்டும் இப்படி இமேஜ்களைத் தயாரித்துத் தருகின்றன. உபுண்டுவின் இமேஜ் சில நூறு மெகாபைட்தான். நூறு சர்வர் வேண்டுமென்றால் நூறு முறை அதை முழுதாகப் பிரதி எடுக்க வேண்டியதுகூட இல்லை. மூலத்தை எல்லோரும் பொதுவாகப் படிக்கலாம். ஒவ்வொரு சர்வரும் தான் மாற்றியதை மட்டும் தன் பங்குக்குத் தனியாக எழுதிவைத்துக்கொள்ளும். ஒரே பாடப் புத்தகம், நூறு நோட்டுப் புத்தகம்.

இந்த இமேஜ் ஒரு விசித்திரமான வீடு. சுவர் எழும்பி, ஒயரிங் முடிந்து, சுண்ணாம்பும் அடித்தாயிற்று. ஆனால் கதவில் பெயர்ப் பலகை இல்லை, பூட்டுக்குச் சாவி இல்லை. பாஸ்வேர்டே வைக்காமல்தான் இதை வெளியிடுகிறார்கள், வேண்டுமென்றே. எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி இருந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். பெயரும் சாவியும் முதல்முறை கண் விழிக்கும்போதுதான் வருகின்றன. அந்தச் சடங்கை நடத்திவைக்கும் புரோகிதர் கிளவுட் இனிட் என்ற சிறிய சாஃப்ட்வேர். அமேசானில் உபுண்டுவை ஓட்டுவதற்காக கனானிகல் கம்பெனியில் பிறந்த இது, இன்று ஏறக்குறைய எல்லா லினக்ஸ் இமேஜ்களிலும் குடியிருக்கிறது. விழித்ததும் அது 169.254.169.254 என்ற முகவரியில் கதவைத் தட்டி, 'நான் யார், என்னுள் யாரை அனுமதிக்கலாம்?' என்று கேட்கிறது. அந்த முகவரி வெளி உலகில் எங்கும் இல்லை. மேகக் கம்பெனி ஒவ்வொரு சர்வரின் காதருகிலும் வைத்திருக்கும் உள் தொலைபேசி. பதில் வருகிறது. சர்வர் தன் பெயரை எழுதிக்கொள்கிறது, உரிமையாளரின் சாவியைப் பொருத்திக்கொள்கிறது, இரண்டு கிகாபைட் டிஸ்க்கைக் கொடுத்த இடம் முழுக்கப் பரப்பிக்கொள்கிறது, சொன்ன சாஃப்ட்வேர்களை நிறுவிக்கொள்கிறது.

சொந்த பி.சி.யில் கே.வி.எம். வைத்துப் பழகுகிறவர்களுக்கு அந்த உள் தொலைபேசி இல்லை. அதற்குப் பதில் 'சிடேட்டா' என்று பெயரிட்ட ஒரு பொய் சி.டி.யைச் செருக வேண்டும். பதில்கள் அதற்குள் இருக்கும். முதல்முறை முயலும் பலரும் விழும் பள்ளம் இங்கேதான். பதில் ஃபைலின் முதல் வரியில் 'கிளவுட் கான்ஃபிக்' என்று குறிப்புச் சொல் இருந்தே ஆக வேண்டும். அந்த ஒரு வரி விட்டுப்போனால் கிளவுட் இனிட் மீதி அத்தனையையும் அலட்சியம் செய்துவிடுகிறது. சர்வர் ஜம்மென்று எழுந்து நிற்கும். பாஸ்வேர்டும் இல்லை, சாவியும் இல்லை. படைத்தவரே வாசலில் நின்று விழிக்க வேண்டியதுதான்.

அவசரக்காரர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை அணைத்து, அதன் டிஸ்க்கையே நகல் எடுத்து நாலு சர்வர் செய்வது. பார்க்க ஒன்றுதான். ஆனால் ஓடிய சர்வருக்கு ஏற்கெனவே ஓர் அடையாள எண் பிறந்திருக்கும். நகல்கள் எல்லாவற்றுக்கும் அதே எண்ணே போய்ச் சேரும். உபுண்டுவில் இப்படிச் செய்தால் நாலும் நெட்வொர்க்கில் நுழைந்து ஒரே முகவரியைக் கேட்டு அடித்துக்கொள்ளும் காட்சியைப் பார்க்கலாம். அதைவிட மோசம், நாலுக்கும் ரகசியச் சாவி ஒன்றே. ஒன்றில் புகுந்தவன் மற்ற மூன்றைப் போலவும் வேஷம் போடலாம். முறையான கிளவுட் இமேஜில் இந்த எண்ணும் சாவியும் துடைத்து வைக்கப்பட்டிருக்கும்.

டெர்ராஃபார்ம் வருவதற்கு முன்பு பலர் இதையெல்லாம் வெப்சைட்டில் பட்டன் பட்டனாக அமுக்கித்தான் செய்தார்கள். எந்தப் பட்டனை யார், எப்போது, ஏன் அமுக்கினார் என்பது அமுக்கியவரின் ஞாபகத்தில் மட்டும் இருந்தது. அவர் வேறு கம்பெனிக்குத் தாவினால் ஞாபகமும் கூடவே தாவிவிடும். மிச்செல் ஹஷிமோட்டோவும் அர்மான் தட்கரும் 2012ல் தொடங்கிய ஹஷிகார்ப், 2014ல் டெர்ராஃபார்மை வெளியிட்டது. வேண்டியதை எழுதிவைத்தால் போதும். எப்படிச் செய்வது என்பதை அது பார்த்துக்கொள்ளும். 'மூன்று சர்வர் வேண்டும்' என்று எழுதியிருக்க, இரண்டுதான் இருந்தால் ஒன்றைப் படைக்கும். நான்கு இருந்தால் ஒன்றை அழிக்கும். செய்வதற்கு முன்பு என்ன செய்யப்போகிறது என்று பட்டியல் போட்டுக் காட்டி, 'யெஸ்' கேட்கும். தான் படைத்ததையெல்லாம் ஒரு கணக்கு ஃபைலில் எழுதிவைக்கும். அந்தக் கணக்கு ஃபைலில் பாஸ்வேர்டுகள்கூட வெறும் எழுத்தாகவே கிடக்கக்கூடும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதை எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பவர்கள் உண்டு. அது தனிக் கதை.

முக்கியமான கதை, இமேஜைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது.

அமேசானில் ஒவ்வொரு இமேஜுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. மனிதன் நினைவில் வைக்க முடியாத எண். அதிலும் மும்பையில் ஒரு எண், ஹைதராபாத்தில் அதே இமேஜுக்கு வேறு எண். மாதத்துக்கு ஓரிரண்டு முறை பாதுகாப்புத் திருத்தங்களோடு புது இமேஜ் வரும்போது எல்லாம் மாறிவிடும். யார் இதைத் துரத்திக்கொண்டிருப்பது? என்ஜினியர்கள் சுலப வழி கண்டுபிடித்தார்கள். எண்ணைச் சொல்லாதே, பெயரைச் சொல். 'உபுண்டு 22.04 சர்வர்' என்று ஆரம்பிக்கும் இமேஜ்களில் எது ஆகப் புதியதோ அதை எடு. பெயருக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி, 'மோஸ்ட் ரீசன்ட்' என்று ஒரு சொல். பிரச்னை தீர்ந்தது.

ஒரு விஷயத்தைத் தவிர. அமேசானில் யார் வேண்டுமானாலும் இமேஜ் தயாரித்து உலகத்துக்கே பொதுவாக வெளியிடலாம். அதற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். பெயர் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்படவில்லை. கனானிகலின் இமேஜுக்கும், முகம் தெரியாத ஒருவர் நேற்று ராத்திரி தயாரித்த இமேஜுக்கும் பெயர் ஒரே மாதிரி இருக்கலாம். 'ஆகப் புதியது எது?' என்று கேட்டால், நேற்று ராத்திரிச் சரக்குதான் முதலில் வந்து நிற்கும். அதனால்தான் தேடும்போது 'ஓனர்' என்று ஒரு வரி சேர்த்து, கனானிகலின் கணக்கு எண்ணான 099720109477ஐயோ, அமேசான் என்ற சொல்லையோ குறிப்பிட வேண்டும். விட்டுவிட்டால், 2024 நவம்பர் வரை டெர்ராஃபார்ம் குற்றம் சொன்னதில்லை. தெருவில் கிடப்பதையெல்லாம் தேடி, புதியதாகப் பார்த்து எடுத்து வந்து வீட்டுக்குள் வைத்தது.

டேட்டாடாக் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2024 ஆகஸ்டில் இந்த ஓட்டையைப் பின்தொடர ஆரம்பித்தார்கள். பொதுவில் கிடக்கும் புரோகிராம்களைத் தேடினார்கள். டெர்ராஃபார்மில் மட்டும் இல்லை. பைத்தான், ஜாவா, கோ என எழுதப்பட்ட எல்லா மொழிகளிலும் ஓனர் வரி இல்லாத தேடல்கள் கிடைத்தன. அவர்கள் கண்காணிக்கும் நிறுவனங்களில் சுமார் 1 சதவீதம் இப்படி இருந்தன. அற்பமான சதவீதம் போலத் தெரியும். மேகத்தில் 1 சதவீதம் என்பது ஆயிரக்கணக்கான கணக்குகள்.

பிறகுதான் வேடிக்கை. அமேசானின் உள் அலுவலகத்து சிஸ்டங்கள் சிலவே இந்த வலையில் விழக்கூடியவை என்று ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். கடைக்காரரே தன் கடைச் சரக்கைப் பெயர் பார்த்து வாங்கியிருக்கிறார்! செப்டம்பரில் தகவல் போனது; சில நாட்களில் அமேசான் அடைத்துவிட்டது. அவை சோதனைக்கான சிஸ்டங்கள், வாடிக்கையாளர் விவரங்களுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை, ஆய்வாளர்களைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை என்று விளக்கமும் தந்தது. 2025 பிப்ரவரியில் ஆய்வு வெளியானபோது அதற்கு 'ஹூ ஆம் ஐ' என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் யார்? அமேசான் இமேஜ்களை 'ஆமி' என்று அழைப்பதை வைத்து ஒரு சிலேடை. ரமண மகரிஷியின் கேள்வியைக் கம்ப்யூட்டர்காரர்கள் கேட்டது தற்செயல்தான்.

அந்நிய இமேஜ் உள்ளே வந்தால் என்ன நஷ்டம்? வெளித்தோற்றத்தில் ஒன்றுமே தெரியாது. அதே உபுண்டு, அதே கட்டளைகள், வெப்சைட் ஒழுங்காக ஓடும். ஆனால் அந்த வீட்டைக் கட்டியவன் பின்பக்கம் ஒரு கதவு வைத்திருப்பான். சர்வர் எழுந்ததும் அந்த உள் தொலைபேசியில் கேட்டு வாங்கும் பதில்களில், கம்பெனியின் மற்றச் சேமிப்புகளைத் திறக்கும் தற்காலிகச் சாவிகளும் இருக்கலாம். அவற்றை வெளியே அனுப்பச் சில நொடிகள் போதும். பட்டன் அமுக்கிய காலத்தில் ஒருவர் ஏமாந்தால் ஒரு சர்வர் போகும். இப்போது ஒரு ஃபைலில் ஏமாந்தால், அந்த ஃபைலை வைத்து எழும் ஒவ்வொரு சர்வரும் போகும். ராத்திரி இரண்டு மணிக்குக் கூட்டம் அதிகமாகித் தானாகவே எழும் சர்வர்கள் உட்பட.

பொது இமேஜ்களைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அமேசானின் பொது இமேஜ்கள் 5,000க்கும் மேற்பட்டவற்றைப் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2012லேயே வெளியானது. அதில் தெரிந்தது எதிர்த் திசை ஆபத்து: எடுப்பவரை மட்டுமல்ல, கொடுப்பவரையும் இமேஜ் காட்டிக்கொடுக்கும். தயாரித்தவர்கள் தங்கள் ரகசியச் சாவிகளையும், தட்டிய கட்டளைகளின் சரித்திரத்தையும் மறந்துபோய் உள்ளேயே விட்டிருந்தார்கள். சிலர் அழித்திருந்தார்கள், அழித்த ஃபைல்களையும் ஆய்வாளர்கள் மீட்டெடுத்தார்கள். வீட்டை விற்றவர் நகைப் பெட்டியைப் பரணில் மறந்துவிட்டுப் போன கதை.

இந்தியாவில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. கம்ப்யூட்டர் அவசர உதவிக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுகள், எல்லா சிஸ்டங்களின் கடிகாரங்களும் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்கின்றன. அல்லது அவற்றோடு இணைந்த சர்வர்களின் நேரத்தோடு. பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். அத்துமீறல் நடந்தது தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். கடிகார விஷயம் எழுதிவைத்துப் படைப்பவர்களுக்கு அல்வா: கிளவுட் இனிட் ஃபைலில் இரண்டு வரி, ஐநூறு சர்வர்களின் கடிகாரமும் ஒரே நேரம் காட்டும். கையால் கட்டியவர்கள் ஐநூறு முறை நுழைந்து வெளியே வர வேண்டும்.

பதிவேடுதான் தொல்லை. காலையில் பிறந்து மாலையில் அழியும் சர்வர், தன் பதிவேட்டையும் சிதைக்குள் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. மூன்று மாதம் கழித்து, 'அன்று இந்த முகவரியில் இருந்த சர்வர் என்ன செய்தது?' என்று அதிகாரி கேட்டால், அப்படி ஒரு சர்வர் இருந்ததைச் சொல்லக்கூட ஆள் இருக்காது. எழும்போதே பதிவுகளை வேறிடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்படி அதே ஃபைலில் எழுதிவைத்தவர்கள் மட்டும் தப்பிக்கலாம். ஆறு மணி நேரக் கெடுவும் அவர்களுக்குத்தான் சாத்தியம்: எந்த இமேஜிலிருந்து, எந்தத் தேதியில், யார் திருத்திய ஃபைலால் எந்தெந்த சர்வர்கள் பிறந்தன என்பது அவர்களிடம் எழுத்தில் இருக்கிறது. அழித்துவிட்டு நல்ல இமேஜிலிருந்து மறுபடி எழுப்ப அரை மணி போதும். செருப்பு கழற்றிய காலத்து அறையில் இதை நினைத்தும் பார்த்திருக்க முடியாது.

டெர்ராஃபார்மின் சொந்த வீட்டிலும் இதற்கிடையே ஓனர் தகராறு நடந்துவிட்டது. யாரும் எடுத்தாளலாம் என்று ஒன்பது வருஷம் திறந்து கிடந்த அதன் லைசென்ஸை 2023 ஆகஸ்டில் ஹஷிகார்ப் இறுக்கியது. போட்டிக் கம்பெனிகள் அதை வைத்துத் தொழில் செய்வது சிரமமானது. அடுத்த மாதமே எதிர்ப்பாளர்கள் பழைய லைசென்ஸில் இருந்த பிரதியை எடுத்துக்கொண்டு 'ஓப்பன் டோஃபு' என்று தனிக்குடித்தனம் போனார்கள். லினக்ஸ் ஃபவுண்டேஷன் இடம் கொடுத்தது. ஹஷிகார்ப்பை ஐ.பி.எம். 640 கோடி டாலருக்குப் பேசி 2025 பிப்ரவரியில் வாங்கி முடித்தது. விர்ச்சுவல் மெஷினைத் தொடங்கிவைத்த கம்பெனியே ஒரு சுற்றுச் சுற்றி அதை எழுப்பும் மந்திரக்கோலையும் கைப்பற்றியிருக்கிறது. சாதாரண உபயோகஸ்தர்களுக்கு இரண்டில் எதுவானாலும் அதே பத்து வரிதான். ஓனர் வரி இல்லாவிட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் ஏமாந்தன.

பரிகாரம் சுலபம்தான். தேடலில் ஓனரைச் சொல்வது ஒன்று. எந்த இமேஜ் என்று ஒருமுறை பார்த்துத் தீர்மானித்து அதன் எண்ணையே எழுதிவைத்து, புதியது வரும்போது சோதித்துவிட்டுக் கையால் மாற்றுவது இன்னொன்று. சோம்பேறிகளுக்குப் பிடிக்காது, வங்கிக்காரர்களுக்குப் பிடிக்கும். சொந்த பி.சி.யில் ஓட்டுகிறவர்கள் இறக்கிய இமேஜின் சரிபார்ப்பு எண்ணை உபுண்டு வெளியிட்ட எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஒரு நிமிஷ வேலை.

அமேசானும் 2024 டிசம்பரில் ஒரு கடிவாளம் கொண்டுவந்தது. நம்பகமான ஓனர்கள் யார் யார் என்று பட்டியல் கொடுத்துவிட்டால், மற்றவர்களின் இமேஜ்கள் அந்தக் கணக்கின் கண்ணிலேயே படாது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதைத் தானாக இயக்கி வைக்கவில்லை. வாடிக்கையாளர்தான் போய் இயக்க வேண்டும். ஓனர் வரியை மறந்தவருக்கு இந்தக் கடிவாளம் மட்டும் ஞாபகம் வருமா?

டெர்ராஃபார்மின் அமேசான் இணைப்புச் சாஃப்ட்வேரும் 2024 நவம்பரில் ஒரு மாறுதல் செய்தது. 'ஆகப் புதியது' என்று கேட்டு ஓனரைச் சொல்லாவிட்டால் மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கை. இணைப்பின் பழைய பதிப்பையே பூட்டி வைத்திருக்கும் கம்பெனிகளில் அது வராது. எச்சரிக்கை மட்டும் தரும் பதிப்பு இருந்தாலும், இப்போதெல்லாம் டெர்ராஃபார்மைப் பெரும்பாலும் மனிதன் தட்டுவதில்லை. இன்னொரு புரோகிராம் ராத்திரியில் தட்டுகிறது. மஞ்சள் எழுத்து ஆயிரம் வரிப் பதிவேட்டின் நடுவில் ஓடி மறைகிறது. கடைசி வரி பச்சையில் வருகிறது: ஒரு சர்வர் படைக்கப்பட்டது.